ஏன் போனான் என்று யாரும் சொல்லவில்லை

பிப்ரவரி 8, சனி

ஆறு வருஷம் ஜோடி சேர்ந்து மல்யுத்தம் போட்ட பிரிக், கூட்டாளி ஆர்லோவை இன்று டிவியில் இரும்பு நாற்காலியால் அடித்துச் சாய்த்துவிட்டான். பகை இல்லை, ஒரு முறைப்புகூட இல்லை. அரங்கமே வாயைப் பிளந்தது, நிகழ்ச்சி முடிந்தது. கதை எழுதுகிறவர்களுக்கு அது போதும் போலிருக்கிறது.

தம்பி ஆதர்ஷ் இருந்திருந்தால் ரிமோட்டைத் தூக்கி எறிந்திருப்பான். சேர்ந்துதான் பார்ப்போம். பால் வாங்கி வருகிறேன் என்று ஸ்கூட்டரில் போனவன். இரண்டு வருஷம் ஆகிறது. ஸ்கூட்டர் தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனில் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

பிரிக் ஒரு காரணமும் சொல்லவில்லை. ஆர்லோவைக் காணோம். முகமூடி போட்ட புதியவன் ஒருவன் குதித்தான். போன வாரத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 17

சாலை பஜாரில், நான் வேலை பார்க்கும் துணிக்கடைக் கணக்குப் பிரிவில் பக்கத்து மேஜை பிபினிடம் புலம்பினேன். அவனும் பார்க்கிறவன். "ஷோ அல்லே சேச்சி, வெறும் ஷோதானே! ஆளுகள் அரண்டு போகணும், அவ்வளவுதான்."

அரண்டு போய் — அப்புறம்?

பிப்ரவரி 26

போலீஸ் கூப்பிட்டு, பிணவறைக்குப் போனேன். ஆற்றில் எடுத்த உடல். ஆதர்ஷின் உயரம். துணியை விலக்கினார்கள்.

அவன் இல்லை.

வந்தது நிம்மதி மட்டுமில்லை. ஒரு நொடி — அவனாகவே இருந்து இது முடிந்து தொலைந்தால் தேவலை என்று — சே. நான் என்ன மனுஷி?

அம்மாவிடம் ஆபீஸில் வேலை என்றேன்.

பிப்ரவரி 27

தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த ஆளின் கால்விரல்கள். அவனையும் யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

மார்ச் 12

ஆதர்ஷ் வந்துவிட்டான். காலையில் கதவைத் திறந்தால் நிற்கிறான், தாடியும் எலும்புமாக. எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அம்மா அவன் முகத்தைத் தடவித் தடவி இட்லி போட்டாள். பிறகு என்னைச் சமையலறைக்கு இழுத்து, "ஆத்துக்கு வந்துட்டான். நீ ஒண்ணும் கேக்கப்படாது, கேட்டியா?" என்றாள்.

மார்ச் 16

கேட் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் அவன் அறையைப் பார்க்கிறேன். இருக்கிறான். இருந்தும் இல்லாத மாதிரி.

மார்ச் 22, சனி

ஆர்லோ திடீரென்று திரும்பி வந்தான். கூட்டம் அலறியது. ஆதர்ஷ் முதல் தடவையாகச் சிரித்தான். "பாத்தியா அக்கா!"

எனக்கு என்ன ஆயிற்றோ. கத்திவிட்டேன். "என்ன பாத்தியா? எங்கே இருந்தான்? எதுக்குப் போனான்? ஒண்ணும் சொல்லாம வந்து நிப்பான், நாம கை தட்டணுமா?"

ஆதர்ஷ் டிவியை அணைத்தான். அம்மா என்னைப் பார்த்த பார்வை.

மார்ச் 23

அவனே என் அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அன்னைக்கு ஸ்கூட்டரை வச்சுட்டு தண்டவாளத்துல போய் நின்னேன் அக்கா. சத்தம் கேட்டதும் விலகிட்டேன். அப்புறம் எந்த மூஞ்சியோட ஆத்துக்கு வரது? நாகர்கோவில்ல ஒரு ஓட்டல்ல மேஜை துடைச்சேன்."

"எதுக்குடா போய் நின்னே?"

"யாரும் ஒண்ணும் செய்யலை. ரொம்ப நாளாவே உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி... சொல்லத் தெரியலை."

காதல், கடன், சண்டை — நான் யோசித்து வைத்திருந்த எதுவும் இல்லை. அத்தனை நாளும் அடுத்த அறையில்தான் இருந்திருக்கிறேன். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை.

ஏப்ரல் 9

ஆதர்ஷை மனநல டாக்டரிடம் இதுவரை நான்தான் கூட்டிப்போனேன். இன்று தனியாகப் போகிறேன் என்றான். சரி என்றேன். ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. மதியம் ஃபோன் அடித்தது. யாரென்று பார்க்காமலே எடுத்தேன்.

"அக்கா, டாக்டர் இன்னும் வரலை. லேட்டாகும். இங்கேதான் உக்காந்திருக்கேன்."