மறுத்துவிட்ட இடம்

அன்பு மூத்த மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உடலளவில் நலம். மனநிலை குறித்து உறுதி கூறுவதற்கில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமென்றே நம்புகிறேன்.

உன் தங்கை அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படிக்கப்போகிறாள் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நேற்று விடுதி அறைக்காக அங்கே தொலைபேசியில் பேசியபோது, பேச்சோடு பேச்சாக வணிகப் பாடங்கள் எந்த ஆண்டில் தொடங்கும் என்று கேட்டேன். மறுமுனையிலிருந்த அம்மையார், "இளநிலையில எங்ககிட்ட அந்தப் பட்டமே கிடையாது சார், எப்பவும் இருந்ததில்ல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்களுடைய புகழ்பெற்ற வணிகப் பள்ளி, ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமாம். முதலாண்டு பொதுவாகச் சேர்ந்து, பிறகுதான் துறையைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதால் விண்ணப்பத்திலும் இது கண்ணில் படவில்லை. அதே தரத்திலுள்ள மற்றவற்றையும் விசாரித்தேன். பெரும்பாலானவற்றில் இதே கதைதான். உன் அம்மா, "ஊரார் பத்திரத்துல ஒரு புள்ளி விட்டுப்போனாக்கூடத் திருப்பி அனுப்புவீங்க, நம்ம பொண்ணு கேட்ட படிப்பு அங்க இருக்கான்னு பாக்கலையே" என்றாள். என் கூட்டாளி வக்கீலோ, "பொருளாதாரம் எடுக்கட்டும்யா, அந்தப் பேருக்கே வேலை தேடி வரும்" என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சின்னவள், "பேரை வெச்சு நான் என்னப்பா பண்றது, மாமா கடை மாதிரி ஒண்ணை நடத்தக் கத்துக்கணும்" என்கிறாள். அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

இன்னும் பெரிய இடி இதுதான். உன் ஊர்ப் பல்கலைக்கழகம் அவளுக்கு வணிக நிர்வாகத்திலேயே இடம் தந்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைக் கையில் வைத்திருப்பது முறையல்ல என்று, பதில் சொல்லக் கெடு இருக்கும்போதே மறுப்பு அனுப்ப வைத்தவன் நான். "இருக்கட்டுமேப்பா, என்ன அவசரம்" என்று அவள் கேட்டாள்.

ஆகவே நீ நேரில் போய் அவர்களுடைய சேர்க்கை அலுவலகத்தில் நயமாகக் கேள். கெடு இன்னும் முடியவில்லை. ஒருமுறை மறுக்கப்பட்டது தானாக உயிர்பெறாது என்பது சட்டம். கட்சிக்காரர்களிடம் ஈவிரக்கமில்லாமல் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். அந்த மேசைக்குப் பின்னால் என்னைப் போன்ற ஒருவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதே இப்போது என் வேண்டுதல்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே: மறுத்தது அவளல்ல, அவள் அப்பா என்று சொல். அது உண்மையும்கூட.

என்றும் உங்கள் நலம் நாடும்,
அப்பா