நோட்டு அடித்தால் போதும்

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? வலது கையைக் கொஞ்சமாவது தூக்க முடிகிறதா? போனில் என் குரலைக் கேட்டாலே அழுதுவிடுகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன், அம்மா வாசித்துக் காட்டுவாள்.

நான் நன்றாக இருக்கிறேன். செல்போன் பழுதுபார்க்கும்போது போன வாரம் விரலைச் சுட்டுக்கொண்டேன். சின்னக் கொப்புளம்தான். "வாய் ஓயாம பேசிக்கிட்டே வேலை பார்த்தா இப்படித்தான்" என்று கடை முதலாளி சிரித்தார்.

விலைவாசியைப் பற்றித்தான் பேச்சு. அரசாங்கம் ஆளுக்கொரு கட்டு நோட்டு அடித்துக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். நிலவுக்கு ராக்கெட் விடுவதும் வீண். அங்கே யார் கடை வைக்கப் போகிறார்கள்? செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு பிள்ளைகள் படிக்கவே வேண்டாம், வீடியோ கேம் ஆடியே பிழைத்துக்கொள்ளலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அம்மா, இனி உனக்கு மட்டும், சத்தமாக வாசிக்காதே. மேலே எழுதியதெல்லாம் வடிகட்டின முட்டாள்தனம் என்று எனக்கும் தெரியும். முன்பு ஒருமுறை நோட்டு விஷயத்தை நான் உளறியபோது, "அறிவிருக்காடா? நோட்டு அடிச்சா விலை இன்னும் ஏறும்டா!" என்று அப்பா பேப்பரைச் சுருட்டிக்கொண்டு அடிக்க வந்தாரே, நினைவிருக்கிறதா? அவருக்குப் பேச்சு நின்றுபோனதிலிருந்து என்னைத் திட்ட ஆளில்லை.

கடை திறக்க நேரமாகிவிட்டது. அப்பாவின் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, அந்த நோட்டு வரியை மறுபடி வாசி. முழுத் திட்டு வேண்டாம். ஒரே ஒரு 'டா' வந்தாலும் போனில் பதிவு செய்து அனுப்பு. அதைக் கேட்டுக்கொண்டே இங்கே காலத்தை ஓட்டிவிடுவேன்.

உன் மகன்