பிரசிலியா நேரத்தில் எங்கள் சமையலறை

ஜூன் 9, ஞாயிறு

வீட்டுச் சமையலறை மேஜையில் மாதிரித் தேர்வு. கடைசிக் கேள்விகளுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே விடையைப் போட்டேன். மருத்துவக் கல்லூரி இரண்டு வருஷமாக என்னைக் கைகழுவுவது இதனால்தான். பாடம் தெரியும், நேரம் போதாது. இது மூன்றாம் தடவை. இதிலும் கோட்டை விட்டால் துறைமுகத்தில் மாமாவின் படகு இன்ஜின் கடையில் கல்லாவில் உட்கார வேண்டும். அம்மா மிரட்டவில்லை. மாமாவிடம் சொல்லியே வைத்துவிட்டாள்.

பயிற்சி வகுப்பில் க்ளெபர் சார் சொன்ன தந்திரம்: நீளமான பத்தியை முதலில் படிக்காதே, கடைசியில் இருக்கும் கேள்வியைப் படி. அம்மாவிடம் சோதித்துப் பார்த்தேன். பேச ஆரம்பித்ததும் காதைப் பூட்டிக்கொண்டு, முடிக்கும் நேரத்தில் திறந்தேன். “...அதனால குப்பையை நீதான் கொண்டுபோய் வைக்கணும்.” அருமையாக வேலை செய்கிறது.

ஜூன் 11

குப்பை வண்டி போய்விட்டது. அது எப்போது வரும் என்பது பத்தியின் நடுவில் இருந்ததாம்.

ஜூன் 23, ஞாயிறு

தேர்வு நாடு முழுக்கத் தலைநகர் பிரசிலியா நேரப்படி நடக்கும். எங்கள் ஊர் மனாவுஸ் அதற்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. இது ஊருக்கே தெரியும், என் வகுப்புத் தோழன் ரோமுலுவைத் தவிர. போன வருஷம் நிதானமாக மீனும் மரவள்ளி மாவும் சாப்பிட்டுவிட்டுப் போய், மூடின கேட்டைப் பார்த்துவிட்டு வந்தான். தாமதமாக ஓடி வருகிறவர்களை வேடிக்கை பார்க்கவென்றே கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டுக் கூட்டம் உட்காரும். அவனுக்கு நல்ல கைதட்டலாம்.

அந்தக் கதி எனக்கு வரக்கூடாதென்று சமையலறைக் கடிகாரத்தை அம்மா ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டாள். மாதிரித் தேர்வு நாட்களில் என் போன் அரிசி டப்பாவுக்குள். இரவுதான் திரும்பக் கிடைக்கும். அசல் தேர்வு மாதிரியே இருக்கணுமாம். தெருவே மனாவுஸில் இருக்க, எங்கள் சமையலறை மட்டும் தலைநகரத்தில்.

ஜூலை 14, ஞாயிறு

இந்த வாரம் ரோமுலுவின் தந்திரம்: முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காதே, கழிப்பறைக்குப் போகும் நேரம் மிச்சம். அவனே பரிசோதித்துப் பார்த்து, உயிரியல் வகுப்பில் மயங்கி விழுந்தான். மிச்சப்படுத்திய நேரமெல்லாம் பெஞ்சில் படுத்தே கழிந்தது.

என் வீட்டில் நேர்மாறு. தேர்வு எழுத உட்கார்ந்தால் போதும், அம்மா தர்பூசணியாக வெட்டிக் கொண்டுவந்து வைக்கிறாள். எழுந்து போனால் ஏன் போகிறாய் என்றும் கேட்பதில்லை. “போயிட்டு வா. அடக்கி வெச்சா மூளை வேலை செய்யாது.” வீட்டிலேயே நகத்துக்குச் சாயம் பூசிப் பிழைக்கிறவளுக்கு மூளையைப் பற்றி இவ்வளவு அக்கறை!

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முடிக்கவில்லை. க்ளெபர் சாரின் இன்னொரு தந்திரம் – “ஒரே கேள்வியோட குடித்தனம் நடத்தாதீங்க” – அதையும் பின்பற்றினேன். வராத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். வேகமாகத்தான் போனேன். ஆனாலும் கடிகாரம் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

செப்டம்பர் 15, ஞாயிறு

கடிகாரத்தின் பெரிய முள்ளில் சிவப்பாக ஒரு பொட்டு. எழுதுகிறபோது கண் அதிலேயே போய் நிற்கிறது. அந்த நேரமும் போச்சு.

செப்டம்பர் 29, ஞாயிறு

எனக்கு என்னதான் ஆச்சு? காலையில இருந்து நாயா ஓடியும் கடைசிப் பக்கம் தொடவே இல்ல. மூளை மழுங்கிடுச்சா? பேசாம மாமா கடைக்கே போயிடலாமா?

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், இன்னொரு துண்டு தர்பூசணி வைத்தாள். எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

முடித்தேன். கடைசிக் கேள்வியைக் குறிக்கவும் அம்மா தாளைப் பிடுங்கவும் சரியாக இருந்தது. அவள் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்?

நவம்பர் 3, ஞாயிறு

முதல் நாள். ரோமுலு விடியற்காலையிலேயே கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். இந்த வருஷம் கேட் அவனுக்குப் பிந்தித்தான் திறந்தது.

எழுதி முடித்து நிமிர்ந்தால் பலகையில் இன்னும் நேரம் மிச்சம் என்று எழுதியிருந்தது. கண்காணிப்பாளர் பழையதை அழிக்க மறந்துவிட்டார் போலிருக்கிறதென்று கையைத் தூக்கிச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பயந்துபோய், எந்தப் பக்கத்தையாவது விட்டுவிட்டேனா என்று திரும்பத் திரும்பப் புரட்டினேன். விடவில்லை. வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி, கொதிக்காத குழம்பைக் கிண்டினாள்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்றும் அப்படியே. கணக்குத் தேர்விலேயே நேரம் மிஞ்சியது. இது நானாக இருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தேன். முள்ளில் இருந்த சிவப்பு, நகச்சாயம். அம்மாவின் கட்டைவிரலிலும் அதே சிவப்பு.

“நீ எழுந்து போறப்பல்லாம் முள்ளைக் கொஞ்சம் முன்னால தள்ளிவிட்டேன்,” என்றாள். “ராத்திரி திருப்பி வெச்சிடுவேன். நேரம் பத்தலைன்னு ரெண்டு வருஷமா அழுதே. என்னால நேரத்தைக் கூட்ட முடியாது. குறைக்க முடியும்ல?”

அப்போ தர்பூசணி?

“பின்ன, நீ எழுந்து போக வேணாமா?”

ஏமாத்துக்காரி. அஞ்சு மாசமா என்னை மக்குன்னு நினைக்க வெச்சியே! கடிகாரத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து. நான் வீசின துண்டு ஞாபகம் வந்தது.

ஜனவரி 26

பட்டியலில் என் பெயர். கல்லூரியில் இடம் கிடைத்தால் எங்கள் ஊரில் இதுதான் வாழ்த்து: தலையில் ஆறேழு முட்டை, அதன் மேல் மாவு, அதன் மேல் ரோமுலு கொட்டின நீலச் சாயம். அவன் பெயர் பட்டியலில் இல்லை. ஆனாலும் முதல் முட்டையை அவன்தான் உடைத்தான், தேவைக்கு மேலேயே ஓங்கி. மாமா கடைக்கு வேறு ஆள் தேடிக்கொண்டாராம்.

மார்ச் 10, திங்கள்

முதல் வகுப்பு. சீக்கிரமே எழுந்துவிட்டேன். அம்மா தூங்குகிறாள். நேற்று முழுக்கக் கல்யாண வீட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் சாயம் பூசியவள். அவள் எழுந்ததும் முதலில் பார்ப்பது சமையலறைக் கடிகாரத்தைத்தான். நவம்பரிலேயே அது மனாவுஸுக்குத் திரும்பி வந்துவிட்டது.

பெரிய முள்ளை அரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தேன், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும். அவள் போனையும் அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன். முதல் வாடிக்கையாளர் டோனா சுலெய்டே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். விஷயத்தைச் சொல்லி, காபி கொடுத்திருக்கிறேன். தர்பூசணியும் வெட்டி வைத்திருக்கிறேன்.