ஈக்வடார் ரோஜாவில் கட்டிய மாலை

நேற்று மாலை ரூட் ஒன் நெடுஞ்சாலையில் இருக்கும் கடைக்குப் பால் வாங்க மகளுடன் போனேன். காதலர் தினம் நெருங்குகிறது. நுழைவாயிலிலேயே வாளி வாளியாக ரோஜா வைத்திருந்தார்கள். அருகே போனதும் கால் நின்றுவிட்டது. ரோஜாவின் வாசனை அல்ல அது. நனைந்த அட்டையும் குளிரும் ஏதோ மருந்தும் கலந்த நெடி. வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வீட்டுக் கதவு திறந்தால் முதலில் வெளியே வருவது அதுதான்.

நீங்கள் போய் இரண்டு ஆண்டு ஆகப்போகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. எழுதினால் ஒரு முடிவோடு எழுத வேண்டும் என்பது என் தொழிற்பழக்கம். முடிவு எதுவும் கைக்கு வராததால் தள்ளிப்போட்டேன். இப்போதும் வரவில்லை. வராமலே எழுதுகிறேன்.

மான்மவுத் ஜங்ஷனில் எங்களுக்கு எதிர்வீடு உங்களுடையது. கோவில்பட்டியிலிருந்து, மென்பொருள் வேலைக்கு வந்த கணவரைச் சார்ந்த விசாவில் வந்திருந்தீர்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. பகலில் கை சும்மா இருக்கமாட்டாமல், கோயிலுக்கும் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் மாலை கட்டிக் கொடுத்தீர்கள். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டார் சன்மானம் கொடுக்க வந்தபோது, வாங்கலாமா என்று என்னிடம் கேட்டீர்கள். சென்னையில் சில ஆண்டுகள் வழக்காடிவிட்டு இங்கே மறுபடி படித்து, இறக்குமதி ஒப்பந்தங்கள் எழுதும் அலுவலகம் ஒன்றில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அது ஊதியமாகக் கருதப்படக்கூடும், தவிர்ப்பது நல்லது என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"ஒன்பது வயசுல தீப்பெட்டி ஆபீஸ்ல கூலி வாங்கினேன் அண்ணாச்சி. அப்ப ஒருத்தரும் பேப்பர் கேக்கல. முப்பத்திரண்டு வயசுல பெர்மிட் கேக்காங்க."

நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. சிரித்திருக்க வேண்டுமா என்று இன்று தெரியவில்லை.

என் தங்கையின் கல்யாணத்துக்கு மாலை கட்டும் பொறுப்பு உங்களுடையது. கார் ஓட்ட நீங்கள் இன்னும் பழகவில்லை என்பதால் டிரென்டன் பக்கத்திலிருந்த மொத்தப் பூக்கிடங்குக்கு நான்தான் அழைத்துப்போனேன். அங்கே வேலை செய்த மார்த்தா உங்கள் தோழி. ஈக்வடாரின் மலைப்பகுதியிலிருந்து வந்தவர். உங்களுக்கும் அவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான்; ஆனால் நீங்கள் பேசிக்கொண்ட அளவுக்கு நான் இந்த நாட்டில் யாரிடமும் பேசியதில்லை. நீங்கள் பூ தொடுக்கும் முடிச்சை அவர் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று ஒரு பெட்டியைப் பிரித்தபடியே, இது எங்கள் ஊர்ப் பண்ணை என்றார் மார்த்தா. தங்கை லூசியா அங்கேதான் ரோஜா வெட்டுகிறாள், பன்னிரண்டு வயது, பிப்ரவரிக்கு முந்தைய வாரங்களில் பள்ளிக்கூடம் கிடையாது என்றார். மருந்தடித்த ஈரம் காய்வதற்குள் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இறங்கிவிடுவார்களாம். தலைவலி வருமாம், சில நாள் மூக்கில் ரத்தம் வருமாம். யாருக்கோ பல் விழுந்ததைச் சொல்வதுபோல் வீட்டுச் செய்தியாகத்தான் அதைச் சொன்னார். உங்கள் கையில் இருந்த கொத்தைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தீர்கள்.

திரும்பும் வழியில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: இதை வாங்குவது குற்றமா? கட்டாய உழைப்பில் விளைந்த சரக்கென்றால் சுங்கச் சட்டம் தடுக்கும். ஒரு குழந்தை தன் குடும்பத்தாரோடு வேலைக்குப் போவதை அந்தச் சட்டம் தொடாது. ஆகவே வாங்குகிறவர் மீது குற்றம் எதுவும் இல்லை என்றேன். சட்டத்தின்படி ஒவ்வொரு சொல்லும் சரி. நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

கல்யாணத்துக்குக் கிரான்பரி ஊர்ப் பண்ணையிலிருந்து சாமந்தி வாங்கி மாலை கட்டினீர்கள். அழகாகவே இருந்தது. ஆனால் சென்னையிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா மணமேடையருகிலேயே, பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி, "என்னடா வக்கீல், ரோஜாவுக்கு ஸ்டே வாங்கிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் தலை குனிந்து மீதி நாரைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

விருந்துக்கு மார்த்தாவும் வந்திருந்தார். மாலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் ரோஜா எங்கே என்று கேட்டார். லூசியாவுக்காகத்தான் வாங்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். மார்த்தா மாலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, பூ விற்காவிட்டால் பண்ணைக்காரர் முதலில் வேலையைவிட்டு அனுப்புவது சிறுமிகளைத்தான் என்றார். அதன்பிறகு செங்கல் சூளைதான். கூடாரத்தில் தலைக்கு மேல் ஒரு மறைப்பாவது இருக்கிறது. தான் விமானம் ஏறியதும் அந்த ரோஜாக் கூலியில்தான் என்றார். கடைசியாக, அவளுக்காக வாங்காமல் இருங்கள் என்று உங்களிடம் யார் கேட்டார்கள் என்றார். அதில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்பியவர்போல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு நீங்கள் நடந்துகொண்ட விதம் எனக்குப் புரிந்ததே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பெருமாளுக்கு ரோஜா மாலை போகும். அடுத்த வெள்ளி, உங்கள் பால்கனித் தொட்டிகளில் வளர்ந்த துளசி மட்டும். மறுபடி ரோஜா. வாங்கிய வாரங்களில் குளியல் தொட்டியை நிரப்பிக் கொத்துக் கொத்தாக அலசினீர்கள். சாமிக்குப் போகும் பூவை முகரக்கூடாது என்று வளர்ந்தவர் நீங்கள். மருந்து போயிற்றா என்று ஒவ்வொரு பூவையும் முகர்ந்து பார்த்தீர்கள். நீங்கள் அலசியதால் லூசியாவுக்கு என்ன ஆகிவிடும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அலசுவதை நிறுத்தியிருக்கமாட்டீர்கள்.

ஒருநாள் உங்கள் சமையலறையில் காபிக்கு உட்கார்ந்தபோது, ஏதாவது ஒரு நிலைப்பாடு எடுக்கலாமே என்றேன். வாங்குவதென்றால் வாங்குங்கள், விடுவதென்றால் விடுங்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு, இப்படி மாறி மாறிச் செய்வதற்குத்தான் காரணம் இல்லை என்றேன். நீங்கள் நாரை நனைத்துக்கொண்டே பேசினீர்கள்.

"தீப்பெட்டி ஆபீஸ் கூலியிலதான் எனக்கு ஸ்கூல் பையும் புஸ்தகமும் வந்துச்சு. அன்னைக்கு யாராவது என்னைத் தடுத்திருந்தா நான் படிச்சிருக்க மாட்டேன். என் தங்கச்சிய யாரும் தடுக்கல. பட்டாசு ஆபீஸ்ல தீப்பிடிச்சப்ப அவளுக்குப் பதினொண்ணு. இதுல எந்தப் பக்கம் நிக்கச் சொல்லுதீங்க அண்ணாச்சி?"

உங்களுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். படிப்பை இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டியது அரசு, உங்கள் இருவரையுமே அந்த ஆபீஸ் வாசலை மிதிக்கவிடாமல் பார்த்திருக்க வேண்டியது சட்டம் என்றேன். அதுதான் சரியான பதில் என்று இன்றும் நம்புகிறேன். "சரிதான்," என்றீர்கள். "காபி ஆறுது பாருங்க."

அதற்குப் பிறகு என் அலுவலக ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்க்கத் தொடங்கினேன். கட்சிக்காரர்கள் எதிர்க்கவில்லை, சிலர் பாராட்டவும் செய்தார்கள். அந்தப் பிரிவால் ஒரு குழந்தை பள்ளிக்குப் போனதா, சூளைக்குப் போனதா என்று தெரிந்துகொள்ள என்னிடம் வழியில்லை. அதை எழுதும் ஒவ்வொரு முறையும் மார்த்தாவின் கேள்வி காதில் விழுகிறது. இருந்தும் எழுதுகிறேன். எழுதாமல் விடுவதும் சரியென்று படவில்லை.

அந்தக் கல்யாணம் முடிந்த நான்காம் ஆண்டு உங்களுக்கு நோய் வந்தது; அது அதிகம் காத்திருக்கவில்லை. நீங்கள் போன அன்று காலை உங்கள் கணவர் தொலைபேசியில் அழைத்தார். அழவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "மாலைக்கு மட்டும் நீங்க பாத்துக்கோங்க சார். அவ என்ன பூ கேட்டிருப்பான்னு உங்களுக்குத்தான் தெரியும்," என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

கிடங்குவரை ஓட்டிப்போகும் வழியெல்லாம் உங்களுக்காக இரு தரப்பிலும் வாதாடினேன். ரோஜா என்றால், நீங்கள் வாங்காமல் விட்ட வாரங்களை உங்கள் மீதே போட்டு மூடுவதாகும். வேறு பூ என்றால், வாங்கிய வாரங்களைப் பொய்யாக்குவதாகும். எந்த வாதமும் நிற்கவில்லை.

செய்தி தெரிந்து மார்த்தா எனக்காகக் காத்திருந்தார். மேசையில் மாலை தயாராக இருந்தது. சிவப்பு ரோஜா, நெருக்கமாக, உங்கள் முடிச்சில். என்னிடம் எதுவும் கேட்காமல், இரு கைகளிலும் ஏந்தி என் கையில் வைத்தார். லூசியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அதே பண்ணை, அதே வேலை என்றார். இப்போது வேலைக்குரிய வயது ஆகிவிட்டது, சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அதே பெண், அதே கத்தி, அதே ஈரம். என் ஒப்பந்தப் பிரிவுக்கு இனி அவள் மீது ஆட்சேபம் இல்லை.

மாலையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். இறுதிச் சடங்கு மண்டபத்தின் வாகன நிறுத்தத்தில் அதை எடுத்தபோது, என்னை அறியாமல் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தேன். நீங்கள் முகர்ந்து பார்ப்பதுபோலத்தான், மருந்து போயிற்றா என்று. போகவில்லை. மண்டபத்துக் கழிப்பறையின் கைகழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அங்கேயே அலசினேன். கோட்டுக் கைகள் முழங்கைவரை நனைந்தன. அந்த ஈரத்தோடுதான் உங்கள் மீது மாலையை வைத்தேன்.

நேற்று அந்த வாளியின் முன் நான் நின்றுகொண்டிருந்தபோது, தள்ளுவண்டியைப் பிடித்தபடி மகள் பொறுமையிழந்தாள். "அப்பா, ஆர் வி பையிங் ஆர் நாட்?" சாட்சிகளிடம் ஆம், இல்லை என்று பதில் கேட்டுப் பழகியவன் நான். இரண்டு கொத்து எடுத்தேன். ஒன்றைத் திரும்ப வைத்தேன். நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்தேன். எதற்கு என்று மகள் கேட்டாள். ஒரு ஆன்ட்டி இப்படித்தான் செய்வாங்க என்றேன். வொய் என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டு அலசினேன்.