பாசிக்குள் போன ஈட்டி

11 அக்டோபர் 1996, வெள்ளி

லீவு நாள் என்று நானும் ரியாஸும் செல்வமும் ஓமானில் நாங்கள் வேலை பார்க்கும் சலாலாவிலிருந்து மிர்பாத் கடலுக்கு மீன் குத்தப் போனோம். ஒரே அறையில் இருந்தும் நானும் செல்வமும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை. எங்களைச் சேர்த்துவைக்கத்தான் ரியாஸ் கூட்டிப் போனான்.

கடலுக்கடியில் பாசி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. ஹாமூர் மீன் என்று நினைத்து ஈட்டித் துப்பாக்கியின் விசையை அழுத்திவிட்டேன். பாசி விலகியபோது நீச்சல் கண்ணாடிக்குள் செல்வத்தின் முகம் தெரிந்தது. ஈட்டி அவன் கால் துடுப்பைத் துளைத்திருந்தது. காலில் கீறல்கூட இல்லை.

கரைக்கு வந்ததும் ரியாஸ்தான் கத்தினான்.

"அறிவிருக்காடா ஒனக்கு? கொஞ்சம் மேல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

செல்வம் துடுப்பைக் கழற்றி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

திரும்பும்போது ரியாஸ் பெட்ரோல் போட இறங்கினான். அப்போதுதான் செல்வம் என்னிடம் வாய் திறந்தான்.

"மீனுன்னு நெனச்சுத்தானே அடிச்சே?"

"ஆமா."

"சரி."

நான் சொன்னது உண்மைதான். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. ராத்திரி அறையில், ரியாஸ் பிடித்த மீனைச் செல்வமே பொரித்து என் தட்டிலும் ஒரு துண்டு வைத்தான். தின்றேன். ருசி ஒன்றும் தெரியவில்லை.

தினமும் அவன் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் தூங்குவான். இன்று என் கட்டிலைப் பார்த்துப் படுத்திருக்கிறான். இன்னும் தூங்கவில்லை.