மூன்று முறை வேண்டாம் என்றவர்

அக்கா,

இன்று காலை நான் வேலை செய்யும் பேக்கரியின் தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்தார்கள். அந்த நெடி ஏறியதும் ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். மைசூர் சிறையின் பார்வையாளர் அறையிலும் இதே நெடிதான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் வந்து உட்கார்ந்த அன்றும் அது இருந்தது.

உங்கள் கணவரைக் கொன்றவன் நான். வரப்புத் தகராறு என்று தீர்ப்பில் ஒரே வரியில் எழுதினார்கள். மண்வெட்டியை ஓங்கியபோது கொல்ல நினைக்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஆயுள் தண்டனை.

பரோல் கேட்டு மூன்று முறை மனுப் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஊர்ப் போலீஸ் உங்களிடம் வந்து சம்மதம் கேட்டது. நீங்கள் வேண்டாம் என்றீர்கள், மனு திரும்பியது. இரண்டாவது முறை என் அம்மா சாகக் கிடந்தாள். அவளுக்குக் கொள்ளி வைக்கவும் நான் இல்லை. அன்று உங்களைச் சபித்தேன் அக்கா. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்படிப்பட்ட நீங்கள், எட்டாம் வருடம், ஹனூரிலிருந்து கொள்ளேகால் வந்து, பஸ் மாறி, தனியாக என்னைப் பார்க்க வந்தீர்கள். நான் தலை நிமிரவில்லை.

“மூணு வாட்டியும் வேண்டாம்னு சொன்னது நாந்தான். நீ உள்ளயே கெடந்து சாகோணும்னு இருந்தேன்.”

“சரிங்க்கா” என்றேன்.

“போன வாரம் உம்மவள ரேஷன் கடைல பாத்தேன். வரிசைல அவகிட்ட ஒருத்தரும் ஒட்டி நிக்கல. கொலகாரன் மவளாம். பள்ளிக்கூடத்தையும் நிறுத்திப்போட்டாங்களாம். ஜட்ஜு தண்டனை குடுத்தது உனக்குத்தான? அந்தப் புள்ளைக்குமா குடுத்தாரு?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் குரல் இளகவே இல்லை.

“அழுவாத. உன்னைய நான் மன்னிக்கல. சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா இந்தத் தடவ கேட்டா வரட்டும்னு சொல்லுவேன். வந்து அந்தப் புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டுப் போ.”

நேரமாயிற்று என்றார் காவலர். எழுந்து போய்விட்டீர்கள். பூட்டிய கதவுக்குள் எட்டு வருடமாக நான் வெறுக்கத்தான் பழகியிருந்தேன். என்ன காரியம் செய்துவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நீங்கள் சம்மதம் சொன்னதற்காக உங்கள் கொழுந்தனார்கள் உங்களோடு பேச்சை நிறுத்தியது எனக்குப் பிறகுதான் தெரியும். பதினைந்து நாள் பரோலில் வந்து மகளைப் பள்ளியில் சேர்த்தேன். கடைசி நாள் உங்கள் வீட்டைத் தாண்டிப் போகத் துணியாமல் தெருமுனையில் நின்றபோது, நீங்களே வெளியே வந்தீர்கள். ஊரே கேட்கும்படி சொன்னீர்கள்: “நேரத்துக்குப் போய்ச் சேரு. நீ தவறுனா எம்பேச்சு பொய்யாப் போயிரும்.”

அதற்குப் பிறகு எந்தப் பரோலிலும் நான் ஒரு மணி நேரம்கூடப் பிந்தியதில்லை. நன்னடத்தை என்று எழுதி விடுதலை செய்தார்கள். அந்த நடத்தை எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் நீங்கள் இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான் வரக் கூடாத வீடு. கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கி உட்கார்ந்துவிட்டேன். மகள் மட்டும் மாலை வாங்கிக்கொண்டு போனாள். இப்போது நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். உங்கள் வீட்டு வாசலில் மூத்த கொழுந்தனார், “யாரு மவ நீ?” என்று மறித்தாராம். இவள் என் பெயரைச் சொன்னாளாம், சத்தமாகவே. அவர் வழியை விட்டு விலகினாராம்.

“வெய்யில்ல நிக்காத. உள்ள போயி மாலையப் போடு.”

பஸ்ஸில் திரும்பும்போது மகள் இதைச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மன்னிப்பை நான் கேட்கவில்லை, நீங்கள் தரவும் இல்லை. மன்னிக்காமலேயே ஒரு மனுஷியால் இவ்வளவு செய்ய முடிந்தது. அதை நினைத்துக்கொண்டுதான் அக்கா, தினமும் விடிந்ததும் எழுந்து வேலைக்குப் போகிறேன்.