இடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, மதினி

என் பிரியமான ராமலெட்சுமி மதினிக்கு,

முத்தையாபுரத்தில் நம்ம வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. கடல்காற்று வந்துவிட்டது. மேற்கே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை வானம். இதைச் சொல்லாமல் எனக்கு வேறு பேச்சு வருவதில்லை இப்போதெல்லாம்.

நீ என் அண்ணன் பெண்டாட்டி. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீ இந்த வீட்டுக்கு வந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். மதினியும் நாத்தனாளும் ஒரே அடுப்படியில் இருந்தால் பாத்திரம் பறக்கும் என்று தெருவே காத்துக்கொண்டிருந்தது. நாமோ அண்ணனுக்குத் தெரியாமல் பொரிச்ச புரோட்டா வாங்கித் தின்றுவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லி அவன் வைத்த கஞ்சியைத் தள்ளிவைத்தோம். ஞாபகம் இருக்கிறதா? உன் ஏப்பம்தான் காட்டிக்கொடுத்தது.

உப்பளத்தில் வேலை பார்த்த உன் குழம்பில் மட்டும் எப்போதும் உப்பு குறைவு. கேட்டால், "நாள் பூரா அது மூஞ்சியத்தான் பாக்கேன், சோத்துலயும் பாக்கணுமாக்கும்?" என்பாய். அண்ணன் வாயைத் திறக்காமல் ஓரமாக உப்பு வைத்துக்கொண்டு சாப்பிடுவான். நீ இடிக்கும் பயந்ததில்லை. வானம் உறுமினால், "ஏலே, மெதுவா, தெருவுல புள்ளைக தூங்குதுல்லா" என்று தெருப் பையனை அதட்டுவது மாதிரி அதட்டுவாய்.

நீ போய் இது மூன்றாவது கோடை.

அன்றைக்கு உங்கள் வேலை வெயிலுக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. நீயும் அண்ணனும் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தீர்கள். அப்போதுதான் கணக்கப்பிள்ளை போன் செய்தார். மேற்கே கருத்துவிட்டது, வாரிக் குவித்த உப்பு திறந்து கிடக்கிறது, எல்லாரும் வந்து தார்ப்பாய் போடுங்கள் என்று. நீ தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய். வந்து சாப்பிடலாம் என்று.

அந்த வெட்டவெளியில் மரம் கிடையாது, வீடு கிடையாது. தண்ணி இறைக்கிற பம்பு ரூம் எங்கோ ஓரத்தில். அதை விட்டால் மனுசனைவிட உயரமாக இருப்பது உப்புக் குவியல் மட்டும்தான். அதன் உச்சியில் நீ ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கீழே இன்னொரு மூலையில் அண்ணன். காற்று தார்ப்பாயைத் தூக்கியது. "இழுத்துப் பிடிங்க" என்று நீ சொன்னது கேட்டதாம். அதற்கப்புறம் வெளிச்சம் மட்டும்தானாம்.

அண்ணனுக்கு வலது காது போய்விட்டது. உப்பள வேலைக்கு அதற்குப் பிறகு அவன் போகவே இல்லை. இப்போது ஒரு குடோனில் பகல் வாட்ச்மேன். தூரத்தில் லேசாக உறுமினால் போதும், உள்ரூமுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று உதடு மட்டும் அசையும். நான் தோளைத் தொட்டால் துள்ளி விழுவான்.

நான் வேலை பார்ப்பது கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் என்பது உனக்குத் தெரியும். காற்று பலமாக வரும் என்றால் எங்களுக்கு மெயில் வரும், ஹார்பரில் கிரேனை நிறுத்துவார்கள், கப்பலுக்குச் சொல்லுவார்கள். உப்பளத்துக்கு யார் சொல்லுவார்கள்? அங்கே இருப்பது கணக்கப்பிள்ளையின் கண் ஒன்றுதான், அந்தக் கண்ணும் உப்பின் மேல் இருக்கிறது. போனுக்கு வருகிற எச்சரிக்கை ஜில்லாவுக்கு மொத்தமாக வருகிறது. சாத்தான்குளத்தில் இடித்தாலும் அதே மெசேஜ், இங்கே வெயில் கொளுத்தினாலும் அதே மெசேஜ். அதை நம்பினால் கோடை முழுக்க வேலைக்கே போக முடியாது. அதனால் யாரும் நம்புவதில்லை.

நீ போன மறு வருசம் நான் ஒரு வானிலைக் கருவி வாங்கினேன். பெரிய விசயமில்லை, வீட்டில் வைத்துக்கொள்கிற சின்ன செட்தான். காற்றின் வேகத்துக்குச் சுற்றுகிற மூன்று கிண்ணம், திசை காட்ட ஒரு வால், மழை அளக்க ஒரு புனல், சூடும் ஈரமும் பார்க்க ஒரு வெள்ளைக் கூடு. மின்னல் எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று காட்டுகிற டப்பா ஒன்றைத் தனியாக வாங்கினேன். எல்லாம் கீழே ஒரு திரையிலும் என் போனிலும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார்ந்து பூட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஏறி வந்தான்.

"ஏளா இசக்கி, கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? அவள எடுத்தது பத்தாதுன்னு வீட்டு மேல கம்பிய நட்டு இடியக் கூப்பிடுதியா?"

"இது பிளாஸ்டிக் குழாய்ண்ணே. பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி ஒசரம்கூட இல்ல."

"கழத்து."

"கழத்த மாட்டேன்."

அன்றைக்கு அவன் என் கையால் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. நானும் கழற்றவில்லை. நீ இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்?

முதல் கோடை அவமானத்திலேயே போனது, மதினி. உன்கூட உப்பு வாரிய பேச்சியம்மா அக்காவிடம் சொல்லிவைத்திருந்தேன், நான் போன் பண்ணினால் கிளம்பிவிடுங்கள் என்று. டப்பா கூவும், நான் கூப்பிடுவேன், பெண்களெல்லாம் பம்பு ரூமுக்கு ஓடுவார்கள், வானம் பளிச்சென்று இருக்கும். திரும்பத் திரும்ப இதேதான். அடுத்த தெருவில் வெல்டிங் பட்டறை ஒன்று இருக்கிறதல்லவா? அங்கே தீப்பொறி பறந்தால் என் டப்பா மின்னல் என்று சொல்லியிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் என் பெயர் கெட்டுவிட்டது. கணக்கப்பிள்ளை நம்ம வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "இனிமே அந்தப் புள்ள போன் பண்ணுச்சின்னு எவளாவது வேலைய விட்டு ஓடுனா, மறுநா வர வேண்டாம்" என்றார். பேச்சி அக்கா என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டப்பாவை வீட்டின் மறு மூலைக்கு மாற்றினேன். அதை மட்டும் நம்பாமல் மற்றதையும் சேர்த்துப் பார்க்கப் பழகினேன். மத்தியானம் கடலிலிருந்து வீசுகிற காற்று திடீரென்று நிற்கும். பிறகு மேற்கிலிருந்து திரும்பும். சூடு சட்டென்று இறங்கும். அந்த நேரத்தில் மின்னல் தூரமும் குறைந்துகொண்டே வந்தால் அது பட்டறை இல்லை.

போன வைகாசியில் ஒரு மத்தியானம் அப்படித்தான் ஆனது. ஆபீஸில் லீவு, நான் வீட்டில் இருந்தேன். முப்பது கிலோமீட்டர் என்று காட்டியது இருபதானது. வால் மேற்கே திரும்பியது. பேச்சி அக்காவுக்கு அடித்தேன். எடுப்பாளோ மாட்டாளோ என்று இருந்தது. எடுத்தாள்.

"எக்கா, எங்க இருக்கிய?"

"உப்பளத்துலதான். தார்ப்பாய் போடக் கூப்பிட்டாவ."

"போடாதீங்க. பம்பு ரூமுக்குள்ள போங்க. இது நெசம்க்கா."

"நீ எப்பவும் நெசம்னுதாம்ளா சொல்லுவ." பின்னால் காற்றுச் சத்தம். அதற்குள் போன் கை மாறியது. கணக்கப்பிள்ளை.

"ஏம்மா, நீ சொல்லி இவளுகள உள்ள அனுப்பி, உப்பு கரைஞ்சா நீ தருவியா? எனக்கும் மேல ஆள் இருக்கு."

"எங்க மதினிய நீங்க தருவீயளா அண்ணாச்சி?"

போனில் தார்ப்பாய் படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல் தள்ளிக் கேட்டது. "ஏளா, எல்லாரும் உள்ள போங்க. போங்கன்னேன்லா. செவுத்தத் தொடாம உக்காருங்க." போன் அணைந்தது.

அந்த மழையில் குவியலில் பாதி கரைந்து வாய்க்காலோடு போனது. ஆனால் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். சாயந்திரம் பேச்சி அக்கா நனைந்த சேலையோடு நேரே நம்ம வீட்டுக்கு வந்தாள். சந்தோசமாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்து எழுந்தேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து உப்பளத்தில் ஒருவர் போய்விட்டார். முருகேசன் என்று பெயர். அந்தக் கோடைக்குத்தான் குடும்பத்தோடு வேலைக்கு வந்தவர். அங்கேயும் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். பம்பு ரூம் வாசலிலிருந்து நம் பெண்கள் கத்தியிருக்கிறார்கள், சேலையை வீசியிருக்கிறார்கள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்களாம், மதினி.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனும் வருகிறேன் என்றான். உன்னை வாங்க நின்ற அதே பிணவறை வாசல். முருகேசன் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்திருந்தாள். உன் வயசுதான் இருக்கும். பக்கத்தில் நின்ற யாரோ என்னைக் காட்டி ஏதோ சொன்னார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமாமே? அங்கன இருக்கவங்களுக்குச் சொன்னீயளாமே? எங்களுக்கு ஏன்க்கா சொல்லல?"

நான் என்ன சொல்லட்டும்? உங்கள் நம்பர் என்னிடம் இல்லை என்றா? அதுதான் உண்மை. அண்ணன்தான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "எம்பொண்டாட்டியும் இப்படித்தாம்மா போனா" என்றான். நீ போனதற்குப் பிறகு அவன் அதை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் இரண்டு பேரும் உடம்பைக் கொடுக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் அண்ணன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான். எங்கே என்று கேட்டேன். "நம்பர் வாங்கிட்டு வாரேன்" என்றான். உப்பளம் உப்பளமாகப் போனான். ஒரு காது கேட்காததால் ஒவ்வொரு நம்பரையும் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னானாம். சில இடத்தில் டீ கொடுத்தார்கள். ஒரு இடத்தில், "சாவச் சொல்ல வந்துட்டான், போ லே" என்று விரட்டினார்கள். இருட்டுவதற்குள் வீடு வந்துவிடுவான், காலெல்லாம் வெள்ளையாக.

இந்தக் கோடையில் நாங்கள் வீட்டில் இருக்கிற நேரம் இடி வந்தால் அவன் உள்ரூமுக்குப் போவதில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து தூரத்தை வாசிக்கிறான். நான் போன் போடுகிறேன். "இருபத்தஞ்சு. இருவது. சொல்லு, சொல்லு" என்கிறான். சத்தம் நெருங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறான், மறுபடியும் திறந்து வாசிக்கிறான். எல்லாரும் நம்புகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலருக்கு வேலையை விட்டு வர வழியில்லை. சிலர் எடுப்பதே இல்லை. போன மாதம் கோவில்பட்டிப் பக்கம் வயலில் ஒரு அம்மா போனதாகக் கேள்விப்பட்டோம். அது என் டப்பாவுக்கு எட்டாத தூரம். எட்டாத தூரத்தில் இருக்கிறவர்களை என்ன செய்ய?

எட்டுகிற தூரத்துக்கு மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஏசினால் ஏசட்டும், பொய்க்காரி என்றால் சொல்லட்டும். மழை வராமல் போய் மறுநாள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி. போனை எடுக்காதவர்களுக்கு மறுபடி அடிப்பேன். எடுக்கிற வரைக்கும் அடிப்பேன், மதினி.

உன்னோடு பிறக்காத தங்கச்சி,
உன் நாத்தனாள் இசக்கி